கால் நனைக்கும் நீர்: நொய்யலுக்கு ஓர் இரண்டாம் அளவுகோல்

நொய்யல் ஆற்றைப் பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்களின் நடுவில் ஓர் எண் நிற்கிறது: 2,100. ஆற்றில் விடப்படும் தொழிற்கழிவின் ஒரு லிட்டரில், உப்பு முதலான கரைந்த பொருள்கள் 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. விவசாயிகள் நீதிமன்றம் ஏறியதும், சாயப்பட்டறைகள் பூட்டப்பட்டதும், பிறகு புதிய நிபந்தனைகளோடு திறக்கப்பட்டதும் பெரும்பாலும் இந்த எண்ணைச் சுற்றியே நடந்தன.

இன்னோர் எண்ணும் இருக்கிறது: 500. ஆற்றில் மக்கள் குளிக்க வேண்டுமானால், 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கோலிஃபார்ம் கிருமிகள் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500-ஐ எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது என்கிறது இந்தியாவின் குளியல் நீர்த் தரம். திருப்பூரில் இந்த எண் அரிதாகவே பேச்சில் வருகிறது. உப்பின் கணக்கு வயலுக்கானது. கிருமியின் கணக்கு ஆற்றில் இறங்கும் மனிதருக்கானது. முதல் கணக்குக்காகப் பெரும் போராட்டம் நடத்திய ஊர், இரண்டாம் கணக்கை இன்னும் கையில் எடுக்கவில்லை. இனியாவது எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருப்பூர் ராயபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு நொய்யல் தொலைவில் உள்ள ஆறு இல்லை. பனியன் கம்பெனிகளும் வீடுகளும் கலந்து நெருங்கிய இந்த நகர்ப்பகுதிக்கு மிக அருகில்தான் அது ஓடுகிறது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பாலத்தின் மேல் அதைக் கடக்கிறார்கள். ஆனால் கரையில் போய் உட்காருவதில்லை. பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. ஓர் ஊருக்கும் அதன் ஆற்றுக்கும் இடையிலான உறவு, மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பதாகச் சுருங்கிவிட்டது.

பள்ளமும் ஆறும்

வெள்ளியங்கிரி மலைச்சரிவுகளில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்னும் ஊரில் காவிரியில் சேர்கிறது. பழம்பெயர் காஞ்சிமாநதி. பேரூர்ப் படித்துறையில் இன்றும் முன்னோர்க்குத் திதி கொடுக்கிறார்கள், ஆடிப்பெருக்கன்று கூடுகிறார்கள். திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில், சங்ககாலத்து மணித்தொழிலும் இரும்புத் தொழிலும் நடந்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. கரையில் தொழில் நடத்தியது திருப்பூர் மட்டுமில்லை, இந்த ஆற்றின் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொழில் நடந்திருக்கிறது.

நொய்யல் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லை. பருவமழைக் காலத்தில் வரும் வெள்ளத்தை அணைக்கட்டுகளால் திருப்பி, வாய்க்கால் வழியே குளங்களில் நிரப்பி, பிறகு ஆண்டு முழுதும் பயன்படுத்தும் ஏற்பாடு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே உருவானது. அத்தகைய அணைக்கட்டுகள் பல நொய்யலில் இருந்தன. சிற்றோடையைக் கொங்கு வழக்கில் ‘பள்ளம்’ என்பார்கள். திருப்பூரின் சங்கிலிப்பள்ளமும் ஜம்மனை ஓடையும் நல்லாறும் நகரின் மேட்டு நிலங்களில் விழும் மழையை நொய்யலுக்குக் கொண்டுவந்த வழிகள். பள்ளத்தில் மீன் பிடிப்பதும், அணைக்கட்டுத் தேக்கத்தில் நீந்தக் கற்பதும், மணலில் விளையாடுவதும் தனித்த பொழுதுபோக்காகக் கருதப்பட்டதில்லை. அது ஊர் வாழ்க்கையின் ஒரு பகுதி. அதனாலேயே, அது போனபோது கணக்குப் பார்த்து வருந்த யாருக்கும் தோன்றவில்லை. பயிர் போனால் ஏக்கர் கணக்கில் இழப்பீடு கேட்கலாம். நீச்சல் போனால் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது?

உப்பு வந்த வழி

1980-களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகத் தொடங்கியபோது, வெள்ளை பனியனுக்குப் பேர்போன திருப்பூர் வண்ண ஆடைகளின் ஊரானது. பருத்தித் துணியில் நிறம் நிலைக்க வேண்டுமானால், இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் வினைச்சாயங்கள் தேவை. அந்தச் சாயம் நீரிலிருந்து இழைக்குள் ஏறவேண்டும் என்பதற்காகவே சாயத் தொட்டியில் உப்பு கொட்டப்படுகிறது. ஆழ்ந்த நிறங்களுக்கு லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு பிடிக்கும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பில் ஒரு துளியும் தங்காது, கொட்டிய அவ்வளவும் கழிவுநீரில் வெளியேறும்.

1990-களில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் மிதக்கும் அழுக்கையும் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய நீர், வயலுக்கு நஞ்சாகவே போனது.

அதன் முழு விளைவையும் சுமந்தது ஒரத்துப்பாளையம் அணை. கரூர்ப் பக்கத்து நிலங்களையும் சேர்த்துப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 1997-இல் அங்கிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பயிர்களையும் கால்நடைகளையும் பாதித்தது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அதே விவசாயிகள் அதில் நீர் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அணையைச் சுற்றியிருந்த கிணறுகள் கெட்டன, தென்னைகள் காய்ந்தன.

தீர்ப்புகள் சாதித்தவை

சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004-இல் 68 கிராமங்களின் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று வழங்கிய தீர்ப்பு, 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஏற்பாட்டைச் செய்யப் பட்டறைகளுக்குக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 8, 10 என ஏறும் தொகையைக் கட்டச் சொன்னது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்த நிலையை உறுதி செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அதில் அழுத்தமாகப் பேசப்பட்டது. அதன் பிறகும் நிலைமை மாறாதபோது, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

அந்த மாதங்களில் திருப்பூர் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. துணி வெளியூர்களுக்குச் சாயத்துக்குப் போனது, ஆர்டர்கள் தள்ளிப்போயின, தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தம்மை மாற்றிக்கொண்டு படிப்படியாகத் திறந்தன. இன்று அங்கே கழிவுநீர் உயிரியல் முறையில் தெளிந்து, எதிர்ச்சவ்வூடு பரவல் வழியே உப்பு நீங்கி, மீண்டும் பட்டறைக்கே போகிறது. மிஞ்சும் அடர்நீர் காய்ச்சப்படுகிறது. அருள்புரத்தில் செம்மைப்படுத்திய முறையில் உப்புக் கரைசலும் மறுபடி சாயத் தொட்டிக்குத் திரும்புகிறது. இத்தனை பட்டறைகள் சேர்ந்து இந்த அளவில் கழிவுநீரை வெளிவிடாமல் இயங்கும் சாயத் தொழிற்பகுதி உலகில் அரிது.

இந்தச் சாதனையில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. அனுமதியற்ற பட்டறைகளும் பிளீச்சிங், பிரிண்டிங் கூடங்களும் இரவிலோ மழையோடு மழையாகவோ கழிவைத் திறந்துவிடுவதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மின்இணைப்பைத் துண்டிப்பதும் இன்றும் செய்தியாகின்றன. காய்ச்சிய பின் மிஞ்சும் கலப்பு உப்பும் சேறும் கிடங்குகளில் குவிகின்றன. இருந்தும், உப்புப் பிரச்சினைக்கு விடை உண்டு என்று இந்த ஊர் செய்து காட்டிவிட்டது. அப்படியிருந்தும் ராயபுரத்துக்காரர் ஏன் ஆற்றில் கால் வைக்க முடியவில்லை?

குளியல் நீரின் கணக்கு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை அதன் பயனைக் கொண்டு வகைப்படுத்துகிறது. திறந்தவெளிக் குளியலுக்குத் தகுந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. உயிரிவழி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கார அமிலத் தன்மை 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். இவற்றோடு முன்சொன்ன கிருமி வரம்பு. இந்த நான்கில் உப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாயக்கழிவு முழுவதும் நின்றுபோனாலும், வீட்டுச் சாக்கடை கலக்கும்வரை நொய்யல் இந்தத் தேர்வில் தேறாது.

சாக்கடை எங்கிருந்து வருகிறது? மேலே கோவை மாநகரத்திலிருந்து வருகிறது. திருப்பூருக்குள் ஒவ்வொரு பள்ளத்தின் வழியாகவும் வருகிறது. தொழில் தேடி வந்த மக்களுக்காக நகரம் வேகமாக விரிந்தது. குடிநீர் வந்தது: காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் பெருந்திட்டம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இயங்கத் தொடங்கியது. ஊருக்குள் வந்த நீர் வெளியே போகும் வழியைக் கட்டுவதில்தான் நகரம் பின்தங்கியது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் வீட்டுக் கழிவுநீர் மழைநீர் வடிகாலுக்கும், வடிகால் பள்ளத்துக்கும், பள்ளம் ஆற்றுக்கும் போகின்றன. குப்பையும் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டும் அதே வழியில் சேர்கின்றன.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. நகரச் சாக்கடையைச் சுத்திகரித்து வெளிவிடும் நிலையங்களுக்கு 2017-ஆம் ஆண்டு அரசாணை, பெருநகரங்கள் அல்லாத ஊர்களில் பி.ஓ.டி. 30 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றது. குளியல் நீருக்கான வரம்போ 3. இந்தப் பத்து மடங்கு இடைவெளியை ஆற்றின் இயற்கை நீர் வந்து நிரப்பும் என்ற நம்பிக்கையில்தான் அந்த விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். காவிரியிலோ கங்கையிலோ அது ஓரளவு நடக்கலாம். மழையில்லா மாதங்களில் நொய்யலில் ஓடுவதே நகரம் விட்ட நீர்தான், அதைக் கரைத்து நீர்க்கச் செய்ய வேறு நீர் வருவதில்லை. ஆகவே விதியை முழுமையாகக் கடைப்பிடிக்கும் நிலையங்களைக் கட்டினாலும் நொய்யல் குளிக்கும் ஆறாக மாறாது. பருவ ஆற்றுக்குக் கடுமையான வரம்பு வேண்டும். அல்லது சுத்திகரித்த சாக்கடை நீர் ஆற்றுக்கே போகாமல் தொழிலுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வழி திருப்பூருக்கு இயல்பாகப் பொருந்துகிறது. சாயக்கழிவையே மறுபடி சாயத் தொட்டிக்கு ஏற்றதாக மாற்றத் தெரிந்த ஊருக்கு, அதைவிட எளிதான வீட்டுக் கழிவுநீரைத் தொழிலுக்கு ஏற்றதாக மாற்றுவது கடினமாக இருக்க முடியாது. அப்படிச் செய்தால் காவிரியிலிருந்து எடுக்கும் நீரும் குறையும்.

பாசல் நகரத்திலிருந்து ஒரு பாடம்

சுவிட்சர்லாந்தின் பாசல், செயற்கைச் சாயத் தொழில் வளர்ந்த ஊர்களுள் முதன்மையானது. அங்கே 1886-இல் சாயம் தயாரிக்கும் நிறுவனமாகத் தொடங்கியது சாண்டோஸ். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1986 நவம்பர் 1 அதிகாலையில், ஊருக்கு அருகே அந்நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைக்கப் பீய்ச்சிய நீர் பூச்சிக்கொல்லிகளையும் சாயத்தையும் அடித்துக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. ரைன் சிவந்து ஓடியது. லட்சத்துக்கும் மேற்பட்ட விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன.

அடுத்த ஆண்டே ரைன் கரை நாடுகள் ஒன்றுகூடிச் செயல்திட்டம் ஒன்றை ஏற்றன. அதன் இலக்கை அவர்கள் சொன்ன விதம் குறிப்பிடத்தக்கது. இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை, 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். வேதியியல் படிக்காதவரும் புரிந்துகொண்டு, நடந்ததா என்று கேட்கக்கூடிய இலக்கு அது. இன்று கோடை நாள்களில் பாசல் மக்கள், அலுவலகம் முடிந்ததும் உடைகளை நீர்புகாப் பையில் கட்டிக்கொண்டு ரைனில் மிதந்தபடி ஊரைக் கடக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நீந்தும் நிகழ்வும் நடக்கிறது.

ரைன் வற்றாத பேராறு, நொய்யல் மழைக்காலத்து ஆறு. அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒப்பிட முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது இலக்கைச் சொல்லும் முறையை. அமெரிக்காவின் பாஸ்டனில் சார்லஸ் ஆற்றுக்கு 1995 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போல ஆண்டுதோறும் தரநிலை அட்டை வழங்குகிறார்கள். முதல் ஆண்டில் அது வாங்கியது தோல்விக்கு ஒரு படி மேலான மதிப்பெண். படகுத்துறைகளில் நீலக்கொடி பறந்தால் படகு விடலாம், சிவப்புக்கொடி பறந்தால் கூடாது. 1923-இல் சேன் ஆற்றில் குளிக்கத் தடை விதித்த பாரிஸ், 2025 ஜூலையில் குறிப்பிட்ட இடங்களை மக்களுக்குத் திறந்தது. கனமழை பெய்து கிருமி கூடினால் அன்றைக்கு மூடிவிடுகிறது. இம்மூன்று ஊர்களிலும் ஆற்றின் தரம் அதிகாரியின் கோப்பிலிருந்து கரையில் நிற்பவரின் கண்முன் வந்தது. அதன் பிறகு அதை மூடி மறைக்க வழியில்லை.

யாருடைய ஞாயிற்றுக்கிழமை

ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில், சனிக்கிழமை சம்பளம் வாங்கும் தையல்காரரும் செக்கிங் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள்? லைன் வீட்டின் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இடம் நகரில் எவ்வளவு இருக்கிறது? தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த லட்சக்கணக்கானோருக்கு இந்த ஊர் வேலை தந்தது, கூலி தந்தது. மூச்சுவிட ஓர் இடம் தரவில்லை. நடுவே ஓடும் ஆறு அந்த இடமாக இருந்திருக்கலாம். வசதியுள்ளவர் ஊட்டிக்கும் கோவைக் குற்றாலத்துக்கும் போகலாம். ஆறு கெட்டால் பொழுது கெடுவது போகமுடியாதவருக்கே.

நம்பிக்கைக்கு இடமுண்டு. நல்லாற்றின் வழியில் உள்ள நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமானது. சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளத்தில் 191 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. நகரத்துப் பிள்ளைகள் தொலைநோக்கியோடு அங்கே நிற்கிறார்கள். 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் மரங்களை நட்டு வளர்த்துவருகிறது. தைப்பொங்கலுக்கு நொய்யல் கரையில் ஊர்கூடிப் பொங்கல் வைக்கும் வழக்கமும் அண்மை ஆண்டுகளில் உருவாகியிருக்கிறது. ஆற்றுக்கு முதுகு காட்டிய ஊர் மெல்லத் திரும்பிப் பார்க்கிறது.

ஆனால் கரையை அழகுபடுத்துவதும் ஆற்றைத் தூய்மையாக்குவதும் ஒன்றாகா. நடைபாதையும் விளக்குக் கம்பமும் ஒரு நிதியாண்டில் முடிந்துவிடும், திறப்பு விழாவும் நடந்துவிடும். சாக்கடைக் குழாய் மண்ணுக்கடியில் கிடப்பதால் அதற்குப் படமெடுக்க ஆளில்லை. இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி ஆற்றை ஒடுக்கினால் இன்னொரு கேடும் உண்டு. 2011 நவம்பரில் திருப்பூரின் ஓடைகளில் ஒரே இரவில் வந்த வெள்ளம் கரையோரக் குடியிருப்புகளை அடித்துச் சென்று உயிர்களைப் பறித்தது. பள்ளம் தன் அகலத்தை மறப்பதில்லை. கரையில் இடம் வேண்டும் என்றால் அது முதலில் வெள்ளத்துக்கான இடமாகவும், மற்ற நாள்களில் மக்களுக்கான இடமாகவும் இருக்கட்டும்.

வரிசை முக்கியம்

செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பள்ளங்கள்: சங்கிலிப்பள்ளம், ஜம்மனை ஓடை போன்ற ஒவ்வொன்றும் ஆற்றில் சேரும் முகத்துக்கு முன்பே அதில் விழும் கழிவுநீரைத் தடுத்துத் திருப்ப வேண்டும். அடுத்து, சுத்திகரித்த நீருக்குத் தொழிற்சாலைகளோடு ஒப்பந்தம். மூன்றாவது, கோவையையும் திருப்பூரையும் ஒரே ஆற்றின் இரு ஊர்களாகப் பார்க்கும் பொது ஏற்பாடு. மேலே விட்டதைக் கீழே வடிகட்டிக்கொண்டிருக்க முடியாது. காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தூய்மைப்படுத்தத் தீட்டிய ‘நடந்தாய் வாழி காவிரி’ திட்டத்தில் நொய்யலும் இருப்பதால், இந்தப் பொது ஏற்பாட்டை அங்கிருந்தே தொடங்கலாம்.

நான்காவது, செலவு மிகக் குறைந்ததும் இன்றே தொடங்கக்கூடியதும்: அளந்து அறிவிப்பது. ராயபுரத்துக்கு அருகே ஆற்றுப் பாலத்தில் ஒரு பலகை வையுங்கள். வாரம் ஒருமுறை நான்கு எண்களை அதில் தமிழில் எழுதுங்கள்: கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., மலக்கோலிஃபார்ம், உப்பு. பக்கத்திலேயே இருக்க வேண்டிய அளவையும் எழுதுங்கள். ஊரிலுள்ள கல்லூரிகளின் ஆய்வகங்கள் இந்தச் சோதனைகளைச் செய்யலாம். முதல் சில ஆண்டுகள் அந்தப் பலகை வெட்கப்பட வைக்கும். வைக்கட்டும். வெட்கம் இல்லாத இடத்தில் திருத்தம் வந்ததில்லை.

கரூர் விவசாயிக்காக இந்த ஊர் 2,100 என்ற எண்ணைக் கற்றுக்கொண்டது, அதற்குப் பெரும் விலையும் கொடுத்தது. தன் சொந்தப் பிள்ளைகளுக்காக 500 என்ற எண்ணைக் கற்றுக்கொள்ள அதைவிடக் குறைந்த விலையே ஆகும். மாநகராட்சியையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் தொழில் அமைப்புகளையும் பார்த்து ராயபுரத்து மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் பிள்ளைகள் நொய்யலில் கால் நனைப்பது எந்த ஆண்டில்? பதிலாக ஓர் ஆண்டைக் குறித்து வாங்குங்கள். அந்த ஆண்டு வரும்வரை, பலகையில் எழுதும் எண்களைப் படிப்பதை நிறுத்தாதீர்கள்.